கைப்பிடி கைமாறிய சரித்திரம்

மேட்டுப்பாளையம் என்றதும் தமிழ்நாட்டார் பலருக்கு நீலகிரி மலை ரயிலின் அடிவார ஊரே நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசவிருப்பது அதுவன்று. புதுச்சேரி நகரத்துக்கு வடமேற்கே, வழுதாவூர்ச் சாலையை ஒட்டி, உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் அமைந்த மேட்டுப்பாளையம். 1974-ல் நிறுவப்பட்டு, 'பிப்டிக்' என்ற சுருக்கப் பெயராலேயே யாவரும் அறிந்திருக்கும் அரசுத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை ஒன்று அங்கே இருக்கிறது. கனரக வாகன முனையமும் இருக்கிறது. லேத் பட்டறைகளும் வெல்டிங் கூடங்களும் உதிரிப்பாகக் கடைகளும் அடுத்தடுத்து நிற்கும் அந்தப் பிரதேசம் இன்று லாரியின் ராஜ்யம். ஆயினும் லாரி கொண்டுவந்து இறக்கும் சரக்கு லாரியிலேயே கடைவாசலுக்குப் போய்விடுவதில்லை. பெரிய மார்க்கெட்டைச் சுற்றிய வீதிகளின் நெரிசலுக்குள்ளும், முத்திரப்பாளையம், சண்முகாபுரம் போன்ற இடங்களின் சந்துகளுக்குள்ளும் அந்தச் சரக்கு நுழைய வேண்டுமானால், மனிதனுடைய காலோ கையோ தள்ளும் ஒரு சிறு வண்டி வேண்டியிருந்தது. அந்தச் சிறு வண்டியின் சரித்திரத்தை, அதிலும் பாரம் சுமந்த சைக்கிளின் சரித்திரத்தை, புதுச்சேரி தன் மற்ற சரித்திரங்களோடு ஒப்ப வைத்துப் போற்றவேண்டும் என்பது என் துணிபு. ஏனெனில், வண்டியின் கைப்பிடி யார் கையில் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், உழைக்கிறவன் தன் உழைப்புக்குத் தானே உடையவன் ஆன கதை அதில் படிப்படியாகத் தெரியவரும்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பைப் படிப்பவர்கள், பல்லக்கு என்பது அக்காலப் புதுவையில் பிரயாண சாதனம் மட்டுமன்று, மரியாதையின் அளவுகோலும் ஆகும் என்பதை எளிதில் உணர்வார்கள். பல்லக்கில் ஏறுவோருக்கு ஒரு வரிசை, அதைச் சுமப்போருக்கு ஒரு வரிசை. அந்த முறை அடுத்த நூற்றாண்டிலும் மாறவில்லை. அதன் உருவம் மட்டுமே மாறிற்று. பிரெஞ்சுக்காரர்கள் 'பூஸ்-பூஸ்' என்றும், நம்மவர் 'புஷ்-புஷ்' என்றும் சொல்லி வந்த ஒரு வண்டி புதுச்சேரிக்கே உரிய விசேஷமாயிற்று. மற்ற ஊர்களின் கைரிக்‌ஷாவில் இழுப்பவன் முன்னால் ஓடுவான். புதுச்சேரியின் புஷ்-புஷ்ஷிலோ வண்டிக்காரன் பின்னால் நின்று தள்ளுவான். முன் சக்கரத்தைத் திருப்பும் கோல் மட்டும், உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் துரையின் கையிலோ துரைசானியின் கையிலோ இருக்கும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் பழைய வாகனங்களிடையே இந்த வண்டியையும் இன்று காணலாம். இதைப் பார்க்கிறவர்கள் அதன் வேலைப்பாட்டை வியந்து அப்பால் போய்விடாமல், அந்தத் திருப்புகோல் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வழியைத் தீர்மானிக்கும் அதிகாரம் உட்கார்ந்தவருக்கு, வழியைக் கடக்கும் சிரமம் நின்றவனுக்கு என்று ஒரு சமுதாயம் தன்னைப் பங்கிட்டுக்கொண்ட விதம் அந்த ஒரு கோலிலேயே விளங்கும்.

இந்தப் பங்கீட்டைக் குலைத்த யந்திரம் சைக்கிள். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த மர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் அது ஓடிற்று. பெடல் வந்தது 1860-களில், பாரிஸ் நகரத்தில். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்து, செயின் மூலம் பின்சக்கரம் சுழலும் 'ரோவர்' சைக்கிளை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார். காற்றடைத்த டயரை டன்லப் 1888-ல் கண்டார். இவ்வளவும் ஒன்றுகூடிய பிறகுதான், ஒரு மனிதன் தன் காலின் பலத்தை வீணாக்காமல், தன் கையாலேயே திசையைத் திருப்பிக்கொண்டு, தான் நினைத்த இடத்துக்குத் தானே போகிற சுதந்திரம் உண்டாயிற்று. பெட்டியை முன்னால் ஏந்திய மூன்று சக்கர சைக்கிளில் பாரிஸ் நகரத்து வேலைக்காரர்கள் சரக்கு விநியோகித்தார்கள். பத்திரிகைக் கட்டுகளைச் சுமக்கும் சைக்கிள்காரர்களுக்கென்று அங்கே ஓட்டப்பந்தயமே நடந்தது. டென்மார்க்கில் 1920-களில், சுமையை முன்சக்கரத்துக்கும் ஓட்டுபவனுக்கும் இடையே தாழ்வாக வைக்கும் 'லாங் ஜான்' என்ற நீளச் சைக்கிள் தோன்றிற்று.

புதுச்சேரியில் சைக்கிள் முதலில் உத்தியோகஸ்தர்களின் ஆடம்பரமாக இருந்து, பிறகு ஆலைத் தொழிலாளியின் அவசியமாயிற்று. 1898-ல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை, அதாவது மக்கள் வாயில் 'ரோடியர் மில்', அதற்கு முன்பே நடந்துவந்த சவானா ஆலை, கெப்ளே ஆலை என்று பஞ்சாலைகள் இந்த நகரத்துக்குச் சோறிட்டன. சவானா ஆலையின் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30-ஆம் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 12 பேர் உயிர்நீத்தார்கள், வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சைக்கிளின் சரித்திரத்தில் இதை எதற்காகச் சொல்லவேண்டுமென்றால், விடியற்காலை முதல் இருட்டும் வரை ஆலையில் அடைபட்டுக் கிடக்கிறவனுக்குச் சொந்த வாகனத்தால் ஆகப்போவது சொற்பம். வேலை நேரத்துக்கு ஓர் எல்லை ஏற்பட்ட பிறகே, சுற்றுக் கிராமத்தில் குடியிருந்துகொண்டு நகரத்துக்கு வந்து போவதும், ஷிஃப்ட் முடிந்த பின் கீரையோ பாலோ ஏற்றிச் சென்று நாலு காசு சம்பாதிப்பதும் சாத்தியமாகின்றன.

விலையும் குறைய வேண்டியிருந்தது. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று சீமையிலிருந்து கப்பலேறி வந்த வண்டிகள் கூலிக்காரனுக்கு எட்டாதவை. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றோடு கூடிச் சென்னையில் டி.ஐ. நிறுவனத்தைத் தொடங்கினர். 1951-ல் அம்பத்தூரிலிருந்து 'ஹெர்குலிஸ்' சைக்கிள்கள் வெளிவரலாயின. அதே ஆண்டில் சோனிபட்டில் 'அட்லஸ்', 1956-ல் லூதியானாவில் 'ஹீரோ' என்று உள்நாட்டுத் தொழில் விருத்தியடைந்தது. அதுமுதல், தவணையிலோ பழைய வண்டியாகவோ, கைவண்டித் தொழிலாளியும் ஒரு சைக்கிளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

1954-ஆம் வருஷத்தை இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். 1881-ல் தங்கள் பழைய சட்ட முறையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கும் உரிமை பெற்ற புதுவை, காரைக்கால் தமிழர் பலர், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனில் உத்தியோகஸ்தர்களாகவும் சிப்பாய்களாகவும் வாழ்ந்து வந்தார்கள். புதுச்சேரியில் 'சைகோன் போனவர்' இல்லாத வீதி அபூர்வம். அந்த வியட்நாமின் வடமேற்கு மலைகளில், தியன் பியன் பூ என்ற பள்ளத்தாக்கில், 1954 மே 7-ஆம் தேதி பிரெஞ்சுச் சேனை சரணடைந்தது. அந்த வெற்றிக்கு அரிசியும் வெடிமருந்தும் கொண்டுசேர்த்தவற்றில் 20,000-க்கு மேற்பட்ட சைக்கிள்கள் உண்டு. பெரும்பாலும் பிரான்ஸ் தேசத்திலேயே செய்யப்பட்ட வண்டிகள் அவை. வியட்நாமியர் அவற்றில் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிற்கழியைப் பக்கவாட்டில் நீளக் கட்டி, சீட்டுக்கு அருகில் இன்னொரு கழியை நிறுத்தி, இரண்டையும் பற்றிக்கொண்டு மலைவழியே நடந்தே தள்ளிச் சென்றார்கள். சட்டத்துக்கு இரும்பும் மரமும் வைத்துக் கட்டினார்கள். துணியைக் கிழித்து ட்யூபின் மேல் சுற்றினார்கள். ஒரு வண்டிக்கு 200 கிலோ சாதாரணம். மா வான் தாங் என்பவர் ஒரு தடவையில் 352 கிலோ கொண்டுசென்றார் என்பது புகழ்பெற்ற செய்தி. அந்தத் தோல்விக்குப் பிறகு பாரிஸில் அமைந்த மந்திரி சபையே புதுச்சேரிப் பேச்சுவார்த்தையையும் முடித்தது. அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிற்று. புதுவையின் விடுதலைக்கு இங்கே நடந்த போராட்டமே ஆணிவேர். ஆயினும், ஏகாதிபத்தியத்தின் பிடி தளர்ந்த அந்த வருஷத்தில், பாரம் சுமந்த சைக்கிளுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதைப் புதுச்சேரிக்காரர்கள் மறப்பதற்கில்லை.

இனி நம் ஊர்ப் பாரசைக்கிளை அருகிலிருந்து பார்ப்போம். கடையில் வாங்கிய சைக்கிள் பாரவண்டி ஆகிவிடாது. அதைப் பாரவண்டி ஆக்குவது பட்டறை. 28 அங்குலச் சக்கரம், முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கே, பாரம் பின்னால்தான் இறங்கும் என்பதை அறிந்து போட்ட கணக்கு. அதன்மேல் பட்டறைக்காரர் தம் வேலையைத் தொடங்குவார். கம்பெனி கொடுத்த மெல்லிய கேரியரைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து, அரிசி மூட்டை படுத்துக் கிடக்கும் அகலத்துக்குப் புதுக் கேரியர் செய்வார். அதன் கால்கள் நேரே பின்அச்சில் இறங்கும். முன்னே, சக்கரத்தின் அச்சிலிருந்து ஹேண்டில்பார் வரை இரண்டு தாங்கு கம்பிகள் ஏறும். பள்ளத்தில் விழுந்தெழும்போது ஃபோர்க் மடங்காமல் காப்பவை அவை. ஒற்றை பார் போதாதவர்கள் டபுள் பார் வண்டியாகப் பார்த்து வாங்குவார்கள். பக்கவாட்டு ஸ்டாண்டுக்குப் பதிலாக, வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு வரும். டயருக்குள்ளே, தேய்ந்த இடத்தில், பழைய டயர்த் துண்டு ஒன்று மறைவாக உட்காரும். பஞ்சர் ஒட்டி ஒட்டி இனி ஆகாது என்று தள்ளிய ட்யூபை நீளவாட்டில் கத்தரித்தால் அதுவே கட்டும் கயிறு. சணல் கயிறு அதிர்ச்சியில் நெகிழ்ந்துவிடும். ரப்பரோ அதிர அதிர இறுக்கிப் பிடிக்கும்.

தொழிலுக்குத் தொழில் வடிவம் மாறும். பால்காரருக்கு இரு பக்கமும் கேன் தொங்கக் கொக்கி. தண்ணீர் கொண்டுவருவோருக்குக் குடம் உட்காரும் வளையங்கள். மீன்காரருக்கு ஐஸ் போட்ட பெட்டி. ரொட்டிக்காரருக்கு மூடியுள்ள தகரப் பெட்டி. சோடாக்காரருக்கு மரச் சட்டம். சாணை பிடிப்பவரின் சைக்கிள் இவை எல்லாவற்றையும் விஞ்சியது. ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திப் பெடலை மிதித்தால், அதே வண்டி சாணைக்கல்லைச் சுழற்றும் யந்திரமாகிவிடும்; தெருவில் வாகனமாயிருந்தது வாசலில் தொழிற்கூடமாகும்.

ஓட்டுவதும் தனி வித்தை. பின்னால் மூட்டை உயர்ந்து நிற்கையில், மற்றவர்களைப் போல் காலைப் பின்பக்கமாகச் சுழற்றி ஏற முடியாது. நாலடி தள்ளிக்கொண்டே ஓடி, இடக்காலைப் பெடலில் ஊன்றி, வண்டி வேகம் பிடித்த கணத்தில் வலக்காலை மடக்கி பாருக்கு மேலாக நுழைத்தே சீட்டில் உட்கார வேண்டும். பாரம் பின்அச்சையும் தாண்டிப் போய்விட்டால் முன்சக்கரம் தரையில் நிற்காமல் துள்ளும், கைப்பிடி கையில் இருந்தும் வண்டி சொன்னபடி கேட்காது. அதை அறிந்தவர் ஹேண்டில்பாரில் ஒரு பையைக் கனமாகத் தொங்கவிட்டுச் சமன் செய்துகொள்வார். இந்த விதிகளை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் போதிக்கவில்லை. உடம்பே பரீட்சை செய்து, உடம்பே கற்றுக்கொண்ட சாஸ்திரம் இது.

மேல்நாட்டில் 'லாங்டெயில்', அதாவது நீளவால் சைக்கிள், என்று இன்று கொண்டாடப்படும் வண்டி பிறந்த கதை இதற்கு மிக அணுக்கமானது. ராஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க மாணவர் 1990-களின் நடுவில் நிகராகுவா தேசத்துக்குப் போய், அங்கே ஏழை மக்கள் சாதாரணச் சைக்கிளில் பாரம் ஏற்றிப் படும் சிரமத்தைக் கண்டு, பின்சக்கரத்தை ஏறக்குறைய ஒன்றேகால் அடி பின்னுக்குத் தள்ளும் ஓர் இணைப்புச் சட்டத்தை உருவாக்கினார். 1998-ல் 'எக்ஸ்ட்ராசைக்கிள்' என்ற நிறுவனம் தோன்றிற்று. சில ஆண்டுகளுக்குள் யூபா, சர்லி முதலிய கம்பெனிகள் சட்டத்தையே நீளமாகச் செய்து விற்கத் தொடங்கின. தத்துவம் எளிது: பின்சக்கரம் பின்னே போனால், பாரம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வந்துவிடும், முன்சக்கரம் துள்ளாது, பைகள் சக்கரத்தின் இருபுறமும் தாழத் தொங்குவதால் வண்டி சாயாது. மேலே நீண்ட பலகையில் இரண்டு குழந்தைகள் வசதியாக உட்காரலாம். ஆனால் செயின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும்; பிரேக் கம்பி நீளவேண்டும்; சட்டம் முறுக்கிக்கொள்ளாத உறுதி வேண்டும்.

நம் பட்டறைக்காரர்கள் சட்டத்தைத் தடிப்பித்தார்களே ஒழிய ஏன் நீட்டவில்லை என்ற கேள்வி இங்கே எழுகிறது. அறிவுக் குறைவினால் அன்று. காரணம் ஜீவனத்தில் இருக்கிறது. வழுதாவூர்ச் சாலையில் எந்த மரத்தடிக் கடையிலும் கிடைக்கும் செயின், எந்தக் கிராமத்திலும் பொருந்தும் டயர், யாருக்கும் பெண்டு எடுக்கத் தெரிந்த ரிம், இவை இருக்கும்வரையில் வண்டி ஒரு வேளை நின்றாலும் மறுவேளை ஓடும்; அன்றாடக் கூலிக்காரனுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. அவசரத்துக்கு அடகு வைக்கவும், கஷ்டம் வந்தால் விற்கவும் எல்லோருக்கும் தெரிந்த வடிவமாக வண்டி இருந்தாக வேண்டும். ஆகவே எதை மாற்றினால் திரும்பக் கழற்றிப் பழைய வண்டி ஆக்கலாமோ அதை மட்டுமே மாற்றினார்கள். ஜார்க்கண்டில் 200 கிலோவுக்கு மேல் நிலக்கரி மூட்டைகளைத் தள்ளிச் செல்லும் தொழிலாளர்களும், 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகையும் மண்ணெண்ணெயையும் நோயாளியையும்கூடச் சைக்கிளிலேயே ஏற்றிச் சென்ற தமிழர்களும் தேர்ந்தெடுத்த வழி இதுதான். வறுமை தானாக எந்தப் புதுமையையும் தந்துவிடவில்லை. வறுமைக்குள்ளும் மனிதர்கள் தாங்களே யோசித்துக் கண்ட வழி இது.

பின்னர் காலம் வேறு திசையில் திரும்பிற்று. தமிழ்நாட்டில் 1973-ல் கைரிக்‌ஷா ஒழிந்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டபோது, பாரசைக்கிளின் அங்கலட்சணங்கள் யாவும் அதற்குள் குடிபுகுந்தன. அகன்ற கேரியர், இருபுறக் கொக்கி, கால் வைக்கும் இடத்தில் மூட்டை, ட்யூப் ரப்பர்க் கட்டு என்று பட்டறையின் பழைய பாடம் அப்படியே தொடர்ந்தது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பெட்ரோலுக்கென்று தினமும் கூலியில் ஒரு பங்கு ஒதுங்கலாயிற்று. புதுச்சேரியின் ஆலைகளும் ஒவ்வொன்றாக நலிந்து, ரோடியர் மில் 2020-ல் மூடப்பட்டது. ஷிஃப்ட் விடும் சங்கு ஒலித்தவுடன் வீதியை நிறைத்த சைக்கிள்களின் வரிசையும் அந்த ஆலைகளோடு போயிற்று.

இன்று மறுபடியும் வீட்டுக்கு வீடு சரக்கு போகிறது. உணவும் மருந்தும் மளிகையும் இரண்டு சக்கரத்தில் இளைஞர்கள் கொண்டுவருகிறார்கள். வண்டி அவர்களுடையது, தவணையும் அவர்களுடையது. எங்கே போவது, எவ்வளவு நேரத்தில் போவது, என்ன கூலி என்பதை மட்டும் வேறு எங்கிருந்தோ ஒரு கைப்பேசி தீர்மானிக்கிறது. கைப்பிடியைக் கையில் வைத்திருந்தும் திசை தன்னிடம் இல்லாத நிலை இது. சைக்கிள் ஒரு நூற்றாண்டில் உழைப்பாளிக்கு ஈட்டித் தந்ததை இவ்வளவு எளிதில் இழந்துவிடக் கூடாது.

இதற்கு வழி இல்லாமற் போகவில்லை. அதற்கான சாதனங்கள் மேட்டுப்பாளையத்திலேயே இருக்கின்றன. 250 வாட்டுக்குட்பட்ட மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குட்பட்ட வேகமும் உள்ள இலேசான மின்சார இருசக்கர வண்டிக்கு, நம் நாட்டு விதிப்படி பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். நீளவால் சட்டத்தைச் செய்யத் தேவையான குழாயும், வளைக்கும் யந்திரமும், பற்றவைக்கத் தெரிந்த கைகளும் அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் கிடைக்கும். ஏற்றமோ இறக்கமோ அதிகமில்லாத, நேர்கோடுகளாக வகுக்கப்பட்ட வீதிகளையுடைய புதுவையைப் போல் இத்தகைய வண்டிக்கு ஏற்ற நகரம் வேறொன்று காண்பது அரிது. பழைய பட்டறைக்காரரின் விதியை மட்டும் புது வண்டி மறக்கக்கூடாது: 28 அங்குல டயரும் சாதாரண செயினும் ஸ்போக்ஸும் அதில் பொருந்த வேண்டும், பிரிந்தால் தெருமுனைக் கடையில் பூட்ட முடிய வேண்டும். அரசாங்கமும் கூட்டுறவுச் சங்கங்களும் சரக்கு முனையத்திலிருந்து மார்க்கெட் வரையில் இவ்வண்டிகளுக்கு ஒரு பாதையும், நிறுத்த ஓரிடமும், தொழிலாளி தன் பெயரிலேயே வண்டியை வாங்கச் சொற்ப வட்டிக் கடனும் அளிக்குமானால், அது புதுமை மோகம் ஆகாது. இந்த ஊரின் உழைப்பாளிகள் எழுபது ஆண்டுகளாகத் தங்கள் கைப்பொருளைச் செலவிட்டு நடத்திய பரிசோதனைக்கு, ஊரார் செலுத்தவேண்டிய கடன் அது.